அறுந்த பிறகு வாருங்கள்

ஒரு டைமிங் பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்கப் போன இடத்தில்தான் சுப்ரஜாவின் நெற்றி கிழிந்தது. சொன்னால் யாரும் நம்பவில்லை. பஸ்ஸிலிருந்து விழுந்தாயா, பாத்ரூமில் வழுக்கியதா என்றுதான் விசாரித்தார்கள். அவள் போனது ஓர் அரசு அலுவலகத்துக்கு. அதுவும் பட்டப்பகலில், டிபன் பாக்ஸும் கைக்குட்டையுமாக.

சுப்ரஜா பிசியோதெரபிஸ்ட். கைகால் விறைத்த, கழுத்து நிற்காத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்றில் வேலை. திட்டத்தின் டீசல் காரை அவளே ஓட்டுவாள். காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பி, காவிரிப் பாலம் தாண்டி, காந்தி மார்க்கெட் லாரிகளுக்கு நடுவே நுழைந்து வெளியேறி, தஞ்சாவூர் ரோட்டில் வீடு வீடாக நின்று குழந்தைகளை ஏற்றிக்கொண்டு காட்டூர் மையத்துக்குப் போக வேண்டும். பின் சீட்டில் உதவியாளர் லின்சி உட்கார்ந்திருப்பாள். அவள் மடியில் ஒரு குழந்தை, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நாமெல்லாம் விழப்போகிறோம் என்றால் கை தானாக முன்னால் போகும். அந்தக் குழந்தைகளுக்குப் போகாது. கார் திடீரென்று நின்றால் முகம்தான் முதலில் போய் மோதும்.

திட்டத்தின் வண்டிகளைப் பராமரிக்கும் வாரியத்தின் ஒப்பந்தப் பட்டறையை அரியமங்கலத்தில் நடத்தும் உஸாமா, ஆயில் மாற்றும்போது இன்ஜின் பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினான்.

"அக்கா, இந்த வண்டிக்கு டைமிங் பெல்ட் மாத்தினதே இல்லை போலிருக்கே. கம்பெனி சொன்ன கிலோமீட்டரும் தாண்டிடுச்சு, வருஷமும் தாண்டிடுச்சு."

"பார்க்க நல்லாத்தானே இருக்கு?"

"கடைசி நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். சத்தம் வராது, வாடை வராது. பட்டுன்னு அறுந்துடும். அப்புறம் உள்ளே பிஸ்டனும் வால்வும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு சாகும். வண்டி நடுரோட்டுல அப்படியே நின்னுடும். பின்னாடி லாரி வந்தா..." அவன் கையைத் துடைத்தான்.

"நீங்களே மாத்திடுங்களேன். நான் கைக்காசு தரேன்."

"ஐயோ, வாரியத்து வண்டிக்கா! ஆர்டர் இல்லாம கை வச்சா பட்டறைக்கு சீல். எதிர்ப் பட்டறைக்காரரு பாவப்பட்டு ஒரு வைப்பர் மாத்திவிட்டாரு. இன்னைக்கு வரைக்கும் கோர்ட்டுக்கு நடக்கறாரு."

கடைசி நிமிஷம் வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். அந்த வாக்கியம் சுப்ரஜாவோடு காரில் ஏறிக்கொண்டது. அவளைப் பற்றியும் கிட்டத்தட்ட அப்படித்தான் சொல்வார்கள். சாது, கோபமே வராது, ஒரு வார்த்தை பேச மாட்டாள். அவள் எலும்புகளின் பெயர்களை மனப்பாடமாகப் படித்தவள் என்பதை யாரும் யோசித்ததில்லை. பஸ்ஸில் ஒருவன் இடித்துக்கொண்டு நின்றால், அவனுடைய சுண்டு விரலிலிருந்து தொடங்கி முழங்கை வரை ஒவ்வொரு எலும்பாக மனத்துக்குள் ஒடித்துக்கொண்டே போவாள். முகத்தில் ஒன்றும் தெரியாது. இறங்கும்போது "கொஞ்சம் வழி விடறீங்களா" என்று கேட்டு இறங்குவாள். ஒடித்ததற்காக அன்று முழுக்க வெட்கப்படுவாள். ஒடித்தபோது இருந்த சுகத்துக்காக இன்னும் கொஞ்சம்.

திட்டத்தின் வண்டிகள் எல்லாம் மண்டல வாகன முறிவுச் சான்றளிப்பு வாரியத்தின் பராமரிப்பில் இருந்தன. கண்டோன்மென்ட் பக்கம் பழைய கட்டடம். வாசலில் 'முறிந்ததே மெய்' என்று சிமென்டில் எழுத்து. பெல்ட் செக்‌ஷனில் பீமராவ் உட்கார்ந்திருந்தார். மேசையை முழுதாக மறைக்கிற உடம்பு. மேசை மேல் ஒரு சுத்தியல் இருந்தது. சுவரில் தொங்கவிட வேண்டிய காலண்டரை எடுத்து அதை மூடி வைத்திருந்தார், தூசி படாமலிருக்க.

"அறுந்துடுச்சாம்மா?"

"இன்னும் இல்லைங்க."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

"அறுந்துடும்னு பயமா இருக்கு. கம்பெனிக்காரங்க சொன்ன காலம் தாண்டிடுச்சு. எப்ப மாத்துவீங்கன்னு கேக்க வந்தேன்."

"அறுந்த பிறகு."

"அறுந்த பிறகு மாத்தி என்ன சார் பிரயோஜனம்?"

பீமராவுக்கு அவள் மேல் இரக்கம் வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போடச் சொன்னார்.

"நிதானமா கேளுங்க. முறிஞ்ச உறுப்பைக் கொண்டுவந்தா முறிஞ்சதுன்னு சான்று குடுப்போம். சான்று இருந்தா புது உறுப்பு. முறியாத உறுப்பு நல்ல உறுப்பு. நல்ல உறுப்பைத் தூக்கிப் போட்டா அரசுக்கு நஷ்டம். நஷ்டம் பண்ணச் சொல்றீங்களா? படிச்சவங்கதானே நீங்க?"

"அது அறுந்தா இன்ஜினே போயிடுமே."

பீமராவின் முகம் மலர்ந்தது. "அது எங்க செக்‌ஷன் இல்லையே! இன்ஜின் செக்‌ஷன் ரெங்கம்மாளோடது. இருங்க, கூப்பிடறேன்." சுத்தியலை எடுத்துப் பின்சுவரில் ஓங்கி அடித்தார். சுவரில் அந்த இடத்தில் காரை பெயர்ந்து குழியாகியிருந்தது. மறுபக்கத்திலிருந்தும் ஓர் அடி விழுந்தது. அலுவலக உதவியாளர் எழுந்து டீ கிளாஸ்களைப் பத்திரமாக ஜன்னல் மேல் அடுக்கினார். மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் கழற்றி டிராயரில் வைத்துப் பூட்டினார்கள்.

ரெங்கம்மாள் ஒல்லியானவள், ஐம்பதைத் தாண்டியவள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்னால் ஐந்தாறு ஆட்களோடு வந்தாள். கையில் கார் பிஸ்டனைப் பிடித்திருக்கும் இரும்பு ராடு ஒன்று. அது அவளுடைய பேப்பர்வெயிட்.

"யாருடா இன்ஜின்னு சொன்னது? உன் பெல்ட் அறுந்து என் இன்ஜின் போனா அது யார் கணக்கு? என் தலையில கட்டப் பார்க்கறியா, பீமராவு?"

"இன்னும் அறுந்தே போகலைம்மா. அதுக்குள்ள ஏன் எகிறுறே?"

"அறுந்தா என்ன பண்ணுவேன்னு இப்பவே காட்டறேன்."

காட்டினாள். முதல் நாற்காலியை எறிந்தது அவள்தான். பெல்ட் செக்‌ஷனின் தலைமை எழுத்தர் அதை முதுகில் வாங்கிக்கொண்டு, ஸ்டேப்ளரால் ஒருவனுடைய காதை மடக்கிக் குத்தினார். ஒருவன் பல்லைத் துப்பிவிட்டு அது எங்கே விழுந்தது என்று குனிந்து தேடினான். அவன் குனிந்திருப்பது வசதியாக இருந்ததால் அவன் மேல் ஏறி நின்று இன்னொருவன் அடித்தான். சுத்தியல் ஒரு மேசையின் நடுவே புகுந்து மறுபக்கம் வந்தது. யாரும் கத்தவில்லை. பழக்கப்பட்ட வேலையைச் செய்கிறவர்களின் மூச்சு மட்டும் கேட்டது. அந்த ராடு எங்கிருந்தோ பறந்து வந்து சுப்ரஜாவின் நெற்றியை உரசிக்கொண்டு போனது.

எல்லோரும் நின்றார்கள்.

"பப்ளிக் மேல பட்டுடுச்சு" என்றார் பீமராவ்.

"ராடு எங்களோடதுதான். தடுத்திருக்க வேண்டியது உங்க செக்‌ஷன்" என்றாள் ரெங்கம்மாள்.

அதைப் பற்றி மறுபடி தொடங்குவதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டு செக்‌ஷனும் குழாயடியில் வரிசையாக நின்று வாய் கொப்பளித்தன. ரெங்கம்மாள் பீமராவுக்கு நார்த்தங்காய் கொடுத்தாள். "பாத்து கடி. அந்தப் பக்கப் பல்லு ஆடுது உனக்கு" என்றாள்.

கைக்குட்டையை நெற்றியில் அழுத்திக்கொண்டு சுப்ரஜா ரெங்கம்மாளின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே படகு வடிவத்தில் சின்ன எலும்பு ஒன்று உண்டு. உடைந்தால் லேசில் ஒட்டாது. கையை எந்தக் கோணத்தில் திருப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். பாலத்தில் திரும்பி வரும்போதுதான் வெட்கம் வந்தது. வழக்கமாக வருவதைவிடக் கொஞ்சம் தாமதமாக வந்தது.

அவள் மறுபடி மறுபடி போனாள். தையல் பிரிப்பதற்கு முன்னும் போனாள், பிரித்த பின்னும் போனாள். கடைசியில் பீமராவ், "உங்க மனத் திருப்திக்காக" என்று முறியாமைப் பரிசோதனைக்கு நாள் குறித்தார்.

பரிசோதனை அரியமங்கலத்தில் வாரியத்தின் யார்டில் நடந்தது. உஸாமாவின் பட்டறைக்கு அடுத்த காம்பவுண்டு. விதிப்படி ஓட்டுநர் உள்ளே உட்கார்ந்திருக்க வேண்டும், கண்ணாடிகளை ஏற்றிவிட வேண்டும். சுப்ரஜா உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் ஒரு எழுத்தர் ஏறி, காலை நீட்டி அவள் காலின் மேலேயே ஆக்சிலேட்டரை மிதித்து அழுத்திக்கொண்டார். இன்ஜின் ஊளையிட்டது. பீமராவ் சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, பெருமாள் பெயரைச் சொல்லிச் சுத்தியலைத் தூக்கினார்.

முதல் அடி பானெட்டில். இரண்டாவது ஹெட்லைட்டில். சைடு கண்ணாடி பறந்துபோய் மதிலில் தெறித்தது. அவர் காரைச் சுற்றி வந்து அடித்தார். கதவில், கூரையில், அவள் தலைக்கு நேர் மேலே. ஒவ்வொரு அடிக்கும் தகடு உள்பக்கமாக வீங்கி அவள் தலைமுடியைத் தொட்டுவிட்டு நின்றது. சுப்ரஜா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தால் என்ன சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. வந்துவிட்டால் அதைத் திரும்ப உள்ளே அனுப்ப முடியாது என்று மட்டும் தோன்றியது.

பீமராவ் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பாத்தீங்களா? இவ்வளவு அடிச்சேன், அறுந்துச்சா? தங்கமான பெல்ட்டும்மா இது. இதைப்போய் மாத்தணும்னு சொல்றீங்களே!" நசுங்கிய பானெட்டைத் தட்டிக்கொடுத்தார்.

இந்தப் பாராட்டை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அவர்கள் தெருவில் ஒரு மாமி இருந்தாள். கணவன் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடிப்பான். தங்கமானவள், எவ்வளவு அடித்தாலும் வாயைத் திறக்க மாட்டாள் என்று தெருவே மெச்சும். ஒருநாள் காலை அவள் திறந்த வாயோடு கிடந்தாள். நெஞ்சுவலி என்றார்கள். நேற்று வரைக்கும் நன்றாகத்தானே இருந்தாள் என்றார்கள். சுப்ரஜாவும் போய் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்தாள்.

வாரியத்தின் ஆண்டு விழா ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. திட்ட ஊழியர்கள் வராவிட்டால் ஒருநாள் சம்பளம் பிடிப்பு என்பதால் சுப்ரஜா போனாள். இயக்குநர் வீரராகவன் பேசினார். வெள்ளை வேட்டி, பளிச்சென்ற நாமம், கேட்கிறவர்களுக்குத் தூக்கம் வரவழைக்கிற இனிமையான குரல்.

"இந்த வாரியம் ஆரம்பிச்ச நாள் முதலா, அனாவசியமா ஒரு பெல்ட்கூட மாத்தினதில்லை. மாத்தின அத்தனையும் அறுந்த பெல்ட். அதாவது, எங்க நிர்ணயம் நூத்துக்கு நூறு சரி! லோகத்துல எந்த டாக்டராவது மார்தட்டிச் சொல்ல முடியுமா? அவர் நன்னா இருக்கறவாளுக்கு ஊசி போடறார். வரப்போற வியாதிக்காம்! பொறுமையில்லாத சாஸ்திரம். ஒரு பெல்ட்டோட ஆயுசு எப்ப முடியும்னு மனுஷாளுக்கு எப்படித் தெரியும்? அதுக்கே தெரியும். அதுவா சொல்லும். நாம காத்திண்டிருக்கணும். காத்திண்டிருக்கறதுதான் நம்ம கைங்கர்யம். சிலபேர் விபத்து விபத்துங்கறா. நான் அந்த வார்த்தையை ஒத்துக்கறதே இல்லை. அது நிரூபணம்!"

கைத்தட்டல் எழுந்தது. பெல்ட் செக்‌ஷன் தட்டியதைவிட அதிகமாகத் தட்ட வேண்டும் என்று இன்ஜின் செக்‌ஷன் தட்டியது. இரண்டு பேருக்கு மூக்கில் ரத்தம் வந்தது.

பிறகு தைரியராஜ் என்ற ஓட்டுநரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அவருடைய அறுந்த பெல்ட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, பெட்டிக்கும் மாலை போட்டார்கள். ஊன்றுகோலோடு இறங்கி வந்தவர் சுப்ரஜாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இடது பேன்ட் கால் முழங்காலுக்குக் கீழே மடித்துப் பின் குத்தியிருந்தது.

"அண்ணே, உங்களுக்கு முன்னாடி தெரியவே இல்லையா?" என்றாள்.

"தெரியும்மா. நானும் உங்களை மாதிரி நடையா நடந்தேன். பாலத்துல ஏறும்போது போயிடுச்சு. பின்னாடியே மணல் லாரி." பொன்னாடையைச் சரி செய்துகொண்டார். "ஆனா ஒண்ணு சொல்லணும். பீமராவ் சார் பெல்ட்டைப் பார்த்தாரு, ஒரு கேள்வி கேக்கலை, உடனே சாங்ஷன் பண்ணிட்டாரு. புது பெல்ட் ஆஸ்பத்திரி பெட்டுக்கே வந்துடுச்சு. மத்தவங்கள்லாம் எப்படி அலையறாங்க, பாக்கறீங்கள்ல?"

"வண்டியில வேற யாராவது இருந்தாங்களா?"

"டீச்சரம்மா ஒருத்தங்க." தைரியராஜ் மேடையைப் பார்த்தார். "இப்ப படிப்பாங்க பாருங்க, அவங்க பேரை."

படித்தார்கள். எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

விழா முடிந்து வீரராகவன் அவளைத் தேடிக்கொண்டு வந்தார். "நீதான் அந்தப் பொண்ணா? ஸ்ரீரங்கமாமே! எந்த வீதி?"

"கீழச் சித்திரை வீதி, சார்."

"அடடா, நம்ம மனுஷா! கேக்கவே சந்தோஷமா இருக்கு. கவலையே படாதே. உன் பெல்ட்டும் ஒருநாள் அறுந்துடும். அடுத்த வருஷம் நீ மேடையில இருப்பே, இல்லேன்னா உன் பேர் இருக்கும். க்ஷேமமா இரும்மா."

அவர் கை அவள் தலையில் படிந்தது. அந்தக் கையின் எலும்புகளை அவள் எண்ணத் தொடங்கினாள். பாதியில் தானே நிறுத்திக்கொண்டாள். எண்ணுவது போதவில்லை என்று முதல் தடவையாகத் தோன்றியது.

மறுநாள் காலை தஞ்சாவூர் ரோட்டில், முதல் வீட்டு வாசலில் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். லின்சி இறங்கிப் போய் தேவதர்ஷினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான்கு வயது. தலை ஒரு பக்கம் துவண்டிருக்க, காரைப் பார்த்த சந்தோஷத்தில் உடம்பு முழுவதையும் விறைத்துக்கொண்டு சிரித்தாள். சுப்ரஜா சாவியைத் தொட்டாள். திருப்ப முடியவில்லை. ரோட்டில் ஒரு லாரி காற்றோடு கடந்து போனது. இன்னொன்று. விரல்களிடம் சொல்லிப் பார்த்தாள். அவை கேட்கவில்லை.

இறங்கினாள். பானெட்டைத் திறந்தாள். நசுங்கியதால் திறக்க மாட்டேன் என்றது. காலால் உதைத்துத் திறந்தாள். உஸாமா திறந்து காட்டிய பக்கவாட்டு மூடியின் கிளிப்புகளை விடுவித்தாள். கறுப்பாக, சாதுவாக, ஒரு கீறலும் வெளியே தெரியாமல் பெல்ட் உட்கார்ந்திருந்தது. குழந்தைகளின் கைக்கட்டுப் பட்டைகளை வெட்டுகிற கத்தி அவள் பையில் எப்போதும் இருக்கும். எடுத்தாள்.

"ஏய் சுப்ரஜா, என்னடி பண்றே? பைத்தியம் புடிச்சிருக்கா?" லின்சி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள்.

"ஆமா."

இன்ஜின் ஓடாதபோது அறுந்தால் உள்ளே எதுவும் எதனோடும் மோதாது. அது அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் வெட்டும்போது அதை நினைத்ததாக அவளால் பொய் சொல்ல முடியாது. ரப்பருக்குள் நார்கள் இருந்தன, கத்திக்கு வளையாத நார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அறுத்தாள். கத்தி நழுவி உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தமும் கிரீஸுமாக அறுத்தாள். கடைசி நார் விட்டபோது அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தேவதர்ஷினி அதைக் கேட்டு இன்னும் பலமாகச் சிரித்தாள்.

லின்சி குழந்தைகளை ஆட்டோவில் வைத்து மையத்துக்குக் கொண்டுபோனாள். காரைக் கயிறு கட்டி யார்டுக்கு இழுத்துப் போனார்கள். இரண்டு நாள் கழித்து அங்கேயே விசாரணை. வீரராகவன் தலைமை வகித்தார். முன்னால் ஒரு ஸ்டூலில், மஞ்சள் துணி விரித்து, அறுபட்ட பெல்ட்டை வைத்திருந்தார்கள்.

"இது முறிவு இல்லை" என்றார் வீரராகவன். குரல் தழுதழுத்தது. "இது ஹத்தி, கொலை. இன்னும் எவ்வளவு ஆயுசு இருந்ததோ! எப்போ முடியணும்னு தீர்மானம் பண்ண நீ யார்? எங்காத்துல மனுஷா போனப்போகூட நான் இப்படி அழுததில்லை."

சுப்ரஜா, "ஆமாம், நான்தான் அறுத்தேன். புது பெல்ட் குடுங்க. குழந்தைங்க காத்திருக்காங்க" என்றாள்.

"அவ அறுக்கலை" என்றாள் ரெங்கம்மாள். "பொம்பளைக் கையால இதை அறுக்க முடியாது. தானா அறுந்திருக்கு. பெல்ட் செக்‌ஷன் தப்பை மறைக்கறதுக்கு இவளைச் சொல்ல வச்சிருக்கான் பீமராவு."

"என் பெல்ட் தானா அறுந்துச்சுன்னு சொல்லாதே!" பீமராவ் சுத்தியலைத் தேடினார். "அறுத்திருக்கு இந்தம்மா. நல்லா பாரு, வெட்டு!"

"பொம்பளை அறுத்திருக்க மாட்டா."

"அறுத்திருக்கா."

வீரராகவன் கையை உயர்த்தினார். "வாதம் வேண்டாம். போலீஸ்ல பண்றாளே, அந்த மாதிரி. குற்றவாளி நம்ம எல்லார் முன்னாலயும் செஞ்சு காட்டட்டும். சத்தியம் தெரிஞ்சுடும்."

எல்லோருக்கும் பிடித்திருந்தது. செய்துகாட்டுவதற்கு அறுபடாத பெல்ட்டுள்ள வாரிய வண்டி ஒன்று வேண்டும். யார்டைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒன்றுதான் நின்றது, அதே மாடல், வெள்ளை நிறம், உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"அது என் வண்டி!" என்றார் வீரராகவன்.

"வாரிய வண்டிதான் சார்" என்றார் பீமராவ்.

"நன்னா ஓடிண்டிருக்கே அய்யா! அதைப் போய்..."

"உத்தரவு உங்களோடது சார்." பீமராவ் போய் இன்ஜினை அணைத்தார். இயக்குநர் சாவியைப் பிடுங்கப் பாய்ந்தார். வாழ்நாள் முழுவதும் உத்தரவை மீறாத பீமராவ் அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கி ஒரு டயர் குவியல் மேல் போட்டார். ரெங்கம்மாளின் ஆட்கள் இரண்டு பேர் அவர் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மூக்குக் கண்ணாடி உடைந்தது. நாமம் கலைந்து புருவத்தில் இறங்கியது. "மாட்டைப் பிடிக்கற மாதிரி பிடிக்கறேளே, பாவிகளா!" என்று கத்தினார்.

கட்டுப் போட்ட கையில் கத்தியை வாங்கிக்கொண்டு சுப்ரஜா குனிந்தாள். இந்த முறை சீக்கிரம் முடிந்தது. கைக்கு வழி தெரிந்திருந்தது. ரெங்கம்மாள் கிட்டே வந்து பார்த்துவிட்டு, "அடி ஆத்தீ" என்றாள். அதில் மரியாதை இருந்தது.

அடுத்து நடந்ததைத்தான் சுப்ரஜாவால் வெகு நாளைக்கு மறக்க முடியவில்லை. இயக்குநர் வண்டியின் பெல்ட் அறுந்துவிட்டது. பீமராவ் நின்ற இடத்திலேயே சான்று கொடுத்தார். ஒருவன் பைக்கை உதைத்துப் பறந்தான். டயர் குவியலிலிருந்து எழுப்பி இயக்குநருக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் திரும்பி வந்தான். புது பெல்ட். அட்டைப் பெட்டியில், ரப்பர் வாடையோடு. உஸாமாவைக் கூப்பிட்டு அவன் கையில் கொடுத்தார்கள்.

இவ்வளவுதானா? இதற்கா அவள் நெற்றி, தைரியராஜின் கால், அந்த டீச்சரம்மாவின் பெயர்? உள்ளே ஏதோ ஒன்று சத்தமில்லாமல் விட்டது. அவள் உஸாமாவிடம் நடந்து போனாள். கத்தி இன்னும் கையில் இருந்தது.

"என் வண்டியில மாட்டுங்க."

உஸாமா கத்தியைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். இரண்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று யோசித்தது போலிருந்தது. பிறகு குரலைத் தணித்துக் கேட்டான்: "நீங்க மிரட்டறீங்க, நான் உயிருக்குப் பயந்து மாட்டறேன். அப்படித்தானேக்கா?"

"அப்படியே."

"அப்ப கத்தியைக் கொஞ்சம் உசத்திப் பிடிங்க. எல்லாருக்கும் தெரியற மாதிரி."

இயக்குநர், "திருட்டு! திருட்டு!" என்று அலறினார். திருட்டுப் போனது பெல்ட் என்பதால் இது பெல்ட் செக்‌ஷன் வழக்கு என்றாள் ரெங்கம்மாள். திருடிப் போவது இன்ஜினுக்குள் என்பதால் இன்ஜின் செக்‌ஷன் வழக்கு என்றார் பீமராவ். அவ்வளவுதான். ஸ்டூல் பறந்தது. ஜாக்கி ராடுகள், பழைய ஸ்பிரிங்குகள், சைலன்சர்கள் எல்லாம் யார்டில் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. அலுவலகத்தில் இவ்வளவு வசதி இருந்ததில்லை. ஒருவனுடைய தோள் கழன்ற சத்தம் சுப்ரஜாவுக்குத் துல்லியமாகக் கேட்டது. எந்த மூட்டு என்றுகூடத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மத்தியானம் வரைக்கும் உஸாமாவின் தோளுக்கு மேலே கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இயக்குநர் போலீசுக்குப் போன் செய்தார். யாராவது செத்துட்டாங்களா சார் என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றதும், அப்படி ஏதாவது ஆனா கூப்பிடுங்க என்று வைத்துவிட்டார்கள்.

"ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கக்கா" என்றான் உஸாமா.

இன்ஜின் பிடித்தது. நசுங்கிய பானெட்டுக்குக் கீழே சீராக ஓடியது. சுப்ரஜா கத்தியைப் பக்கத்து சீட்டில் போட்டுவிட்டு கியரை மாற்றினாள்.

கேட்டுக்கு முன்னால் வீரராகவன் நின்றுகொண்டிருந்தார். வேட்டி கிழிந்திருந்தது. இரண்டு கைகளையும் விரித்திருந்தார்.

"என் பெல்ட் அது! அதைக் கொண்டுபோகணும்னா என் மேல ஏத்திண்டு போ. தைரியம் இருக்கா? நம்மாத்துப் பொண்ணு, ஒரு ஈயைக்கூட அடிக்க மாட்டே. எனக்குத் தெரியும்!"

அவளுக்கும் அப்படித்தான் தெரிந்திருந்தது, இத்தனை வருஷமாக. அவருடைய முழங்கால் பம்பரின் உயரத்தில் இருந்தது. முதலில் முழங்கால் சில்லு போகும், பிறகு தொடை எலும்பு. மனத்துக்குள் ஒடிப்பதற்கும் காலை அழுத்துவதற்கும் நடுவே பெரிய தூரம் இருக்கும் என்று நம்பியிருந்தாள். ஒரு மூச்சு அளவுகூட இல்லை. அவள் காலை அழுத்தினாள். வண்டி நகர்ந்தது. அவர் சிரித்துக்கொண்டு நின்றார். வண்டி வேகம் பிடித்தது. சிரிப்பு வாயில் மட்டும் மிச்சமிருந்தது.

பம்பருக்கும் அவருக்கும் நடுவே ஒரு கை அகலம் இருக்கும்போது வீரராகவன் பக்கவாட்டில் பாய்ந்து, கிரீஸ் குழியில் விழுந்தார். வாரியம் தொடங்கிய நாளிலிருந்து எதற்கும் முன்கூட்டியே எடுக்கப்பட்ட ஒரே நடவடிக்கை அதுதான்.

அவர் பாய்ந்திருக்காவிட்டால் பிரேக்கை மிதித்திருப்பாளா? சுப்ரஜா தன்னையே கேட்டுப் பார்த்தாள். உள்ளேயிருந்து பதில் வரவில்லை. வராததில் வெட்கமும் வரவில்லை. கேட்டைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, குழிக்குள் கிடந்தவரை எட்டிப் பார்த்தாள்.

"என்ன சார் இது" என்றாள், உண்மையாகவே புரியாமல். "இன்னும் இடிக்கவே இல்லையே?"